கரைவலையின் மறுகயிறு

கடல் எத்தனை பழசோ அத்தனை பழசு கரைவலை என்பார்கள். சொல்கிறவர்கள் இரண்டின் வயதையும் அளந்து பார்த்ததில்லை. வலை தெரியாதவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கரைவலைக்குக் கயிறு இரண்டு. ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்ள, படகு மீதிக் கயிற்றையும் வலையையும் இறக்கிக்கொண்டே கடலுக்குள் அரைவட்டம் போட்டு, மறுகயிற்றின் நுனியோடு அதே கரையில் அரைமைல் தள்ளி வந்து சேரும். அப்புறம் இரண்டு கூட்டமும் இழுக்கும், இழுக்க இழுக்க ஒன்றையொன்று பார்த்து நடக்கும், வலையின் நடுப்பையான மடி மீனோடு மணலில் ஏறும்போது இரண்டு கூட்டமும் தோளோடு தோள் நிற்கும். இதற்குச் சட்டம் ஒன்றே ஒன்று. கயிற்றைத் தொட்டவர் வலை கரையேறும்வரை கையை விடக்கூடாது. தாய் செத்தாலும் விடக்கூடாது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார்கள். அது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அப்படித்தான் சொல்வார்கள்.

கழிமுனைக்குப்பத்தில் அந்த ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் பக்கத்துக் குப்பத்துக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து, கடலில் மீன்கூட்டம் கறுத்துத் தெரிந்தது. வலைக்குச் சொந்தக்காரரான வடமலை கரையில் இப்படியும் அப்படியும் நடந்தார். இருக்கிற ஆட்களைக் கயிற்றுக்கு நிறுத்தினால் படகுக்கு ஆள் இல்லை, படகுக்கு ஏற்றினால் கயிற்றுக்கு ஆள் இல்லை. கடைசியில் அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டார். மோட்டார் ஓட்டத் தெரிந்த பதின்மூன்று வயசுக் கலியன், கயிறு விடத் தெரிந்த தம்பி மகள் தெய்வானை, வலை தள்ள இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர் என்று நாலு பேரைத்தான் ஏற்றினார். ஏழு வயசுப் பூவிழி எப்போது ஏறினாள் என்று யாருக்கும் தெரியாது, அவளைக் கேட்டால் அவளுக்கும் தெரியாது.

வலையை ஒழுங்காகத்தான் இறக்கினார்கள். ஒழுங்காகத்தான் படகைத் திருப்பினார்கள். மூன்றாவது அலையைத் தாண்டிக் கரை தட்டியபோது கோவிந்தன் டீக்கடை இருக்க வேண்டிய இடத்தில் டீக்கடை இல்லை, செல்போன் கோபுரம் இல்லை, கலங்கரை விளக்கம் இல்லை. செங்கல் கட்டிய நீளமான கிட்டங்கிகள் இருந்தன, கூர்அடிச் சாடிகள் சுவரில் வரிசையாகச் சாய்ந்திருந்தன, வெயிலில் சிவந்து வெந்துபோன யவனர்கள் மிளகு மூட்டையைச் சுற்றி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு அப்பால் மரக்கப்பல் ஒன்று பாயைச் சுருட்டிக்கொண்டு நங்கூரத்தில் ஆடியது. தெய்வானைக்குப் பயம் வந்தது. ஆனால் கையில் கயிறு இருந்தது, கயிறு கையில் இருக்கும்போது பயப்படுவதற்கு நேரம் கிடையாது.

துறைமுகத்துக்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் ஆச்சரியம் வராது போலிருக்கிறது. இரண்டு பேர் வந்து பைபர் படகைத் தட்டிப் பார்த்து இது என்ன மரம் என்று கேட்டார்கள், ஒருவன் மோட்டாரை மோந்து பார்த்துத் தும்மினான், அத்தோடு சரி. ஒரு நொண்டி மனிதன் மட்டும் சாடிகளின் நிழலிலிருந்து எழுந்து காலை இழுத்துக்கொண்டு வந்தான். யாரையும் கேட்கவில்லை. தெய்வானைக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தான், குதிகாலை மணலில் ஊன்றினான், பிறந்ததிலிருந்து அதே வேலை செய்தவன் மாதிரி இழுத்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

இழுக்க இழுக்க எட்டுவைத்து நடந்தார்கள், கயிற்றின் வாலில் கட்டிய படகும் அலையோரமாகக் கூடவே வந்தது. முதல் எட்டில் ஒன்றும் ஆகவில்லை. பத்தாவது எட்டில் நொண்டி மனிதன் நின்ற இடத்தில் ஆள் இல்லை. இருபதாவது எட்டில் கிட்டங்கியின் கூரை இல்லை. அப்புறம் சுவர் மண்ணானது, மண் மேடானது, மேட்டில் தோப்பு வந்தது, தோப்பு போனது, கரையில் சவுக்கு முளைத்தது, கம்பி இழுத்த விளக்குக் கம்பம் ஒன்று நட்டுவைத்தாற்போல நின்றது, கடைசியில் வடமலையின் சிவப்புத் துண்டும் அதற்குக் கீழே வடமலையும் தெரிந்தார்கள். மடியில் மீன் அம்பாரமாக இருந்தது. அந்தக் கடலை யாரும் இன்னும் அரித்துத் தின்றிருக்கவில்லை அல்லவா.

“எங்கடா போய்த் தொலைஞ்சீங்க? கயிறு மட்டும் வருது, ஆளக் காணோம்” என்றார் வடமலை.

“ரோமாபுரிக்காரங்க கூட இருந்தோம் பெரியப்பா” என்றாள் தெய்வானை.

வடமலை மீனைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், மறுபடி மீனைப் பார்த்தார். “சரி, நாளைக்கும் போங்க” என்றார்.

இப்படித்தான் அது ஆரம்பித்தது. அந்த ஒரு பருவம்தான் நடந்தது, முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஏன் நடந்தது என்று கேட்கிறவர்கள் மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் வரட்டும். பெரியவர்கள் அதே படகில் ஏறி அதே வழியில் சுற்றி வந்தால் டீக்கடை எதிரில்தான் கரை தட்டியது, கோவிந்தன் சர்க்கரை எத்தனை என்று கேட்டான். பிள்ளைகள் போனால் மட்டும் மறுகயிறு அங்கே போய்ச் சேர்ந்தது. ஊர் இரண்டு நாள் வாயைப் பிளந்தது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது, நாலாம் நாளிலிருந்து குறை சொல்ல ஆரம்பித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பள்ளிக்கூடம் போகிற நாளில் போகக்கூடாது, சனி ஞாயிறுதான் என்று பஞ்சாயத்தில் முடிவாயிற்று. சாடிப் பக்கம் போய் மது வாசனையோடு வரக்கூடாது என்று தாய்மார்கள் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளை மட்டும் ஏன் ஏற்றவில்லை என்று மேலத்தெருக்காரர்கள் ஒரு வாரம் வடமலையோடு பேசாமல் இருந்தார்கள். தலைமையாசிரியர் கலியனைக் கூப்பிட்டு, “அங்க இப்ப அரசன் யாருன்னு கேட்டுக்கிட்டு வா” என்று அனுப்பினார். நொண்டி மனிதன் தலையைச் சொறிந்தான். ரோமாபுரியிலிருந்து சேதி கப்பலில் வர ஒரு வருஷம் ஆகிறது, அவன் கிளம்பும்போது ஒருவர் இருந்தார், இப்போது இருக்கிறாரோ இல்லையோ என்றான். தலைமையாசிரியர் அதையும் எழுதி வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து எதையும் கொண்டுவர முடியவில்லை. பூவிழி மடியில் கட்டிக்கொண்ட திராட்சை, சவுக்குத்தோப்பு வரும்போதே தூசியாகிவிட்டது. பளபளவென்றிருந்த சிவப்புத் தட்டு வடமலையிடம் வந்து சேரும்போது ஓட்டாஞ்சல்லி; அந்த மாதிரிச் சல்லி மழை பெய்தால் மேட்டில் கூடை கூடையாகக் கிடைக்கும், பிள்ளைகள் பாண்டி விளையாடுவார்கள். மீன் மட்டும் எப்படி நாறாமல் வந்தது என்று டீக்கடையில் ஒருவர் மடக்கினார். அது வலையில் வந்தது, வலையின் வழி வேறு என்று வடமலை சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு முறை சட்டத்தை மீறினார்கள். புரட்டாசியில் ஒரு நாள் கப்பலில் மயில் ஏற்றுகிறார்கள் என்று கலியன் சொல்ல, கயிற்றை முளையில் கட்டிப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போனார்கள். திரும்பி வந்து, இழுக்கச் சோம்பேறித்தனப்பட்டு, படகிலேயே வீட்டுக்குப் போகலாம் என்று மோட்டாரைப் போட்டார்கள். எவ்வளவு தூரம் ஓட்டினாலும் கரையில் ஆலமரமும் மணலும்தான் வந்தன. கலங்கரை விளக்கம் வரவே இல்லை. பூவிழி அழுதாள், அப்புறம் கலியன் அழுதான், அப்புறம்தான் திரும்பிப் போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். வீட்டுக்கு வழி அந்தக் கயிறு ஒன்றுதான், அது கடலுக்குள் நழுவிவிட்டால் வழி இல்லை என்று அன்றைக்கு ஐந்து பேருக்கும் தெரிந்துபோயிற்று. வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

நொண்டி மனிதனின் பெயர் காயன். பிள்ளைகள் காயன் மாமா என்றார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் சாடி உருண்டு கால்மேல் விழுந்து எலும்பு முறிந்தது. கப்பல் அவனைக் கரையில் விட்டுவிட்டுப் போனது. அதற்கப்புறம் வந்த மாலுமித்தலைவர்கள் எல்லாரும் அவன் காலைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், அடுத்த காற்றுக்குப் பார்க்கலாம் என்றார்கள். அவன் சாடிகளுக்குக் காவல் இருந்துகொண்டு அந்தத் துறையின் தமிழைக் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தான். அது பழைய தமிழ், பிள்ளைகளுடையது குப்பத்துத் தமிழ், ஆனாலும் மீனும் கயிறும் சோறும் இரண்டு பக்கமும் மீனும் கயிறும் சோறும்தான். தெய்வானையின் அம்மா பச்சையம்மா, கயிறு பிடிக்கிற மனுஷன் பசியோடு நிற்கக்கூடாது என்று நெத்திலி வறுவலை ஒரு தனி டப்பாவில் கொடுத்தனுப்பினாள். மிளகுக்காகக் கடல் தாண்டி வந்த ஆள் மிளகாயைத் தின்றுவிட்டு ஒரு குடம் தண்ணீர் குடித்தான். அடுத்த வாரம், டப்பா எங்கே என்று அவனே கேட்டான்.

அவனுடைய ஊரிலும் இதே வலைதான். அங்கேயும் இரண்டு கயிறு, அங்கேயும் தொட்டவர் விடக்கூடாது. கயிற்றை இழுக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான். கண்ணை மூடினால் மணலின் சூடு, கயிற்றின் ஈரம், பின்னால் நிற்கிறவனின் மூச்சு எல்லாம் அவன் ஊர்க் கடற்கரையினுடையதாக ஆகிவிடுகிறது என்றான். அங்கே அவனுக்கு ஒரு மகள் இருந்தாள். அவன் புறப்பட்ட நாளில் அவளுடைய தலை அவன் இடுப்புக் கச்சைக்கு வந்தது. இப்போது எதுவரை வருவாள் என்று தெய்வானையை நிற்கவைத்துக் கையை வைத்துப் பார்ப்பான். கை அவன் நெஞ்சருகே நிற்கும். ஒரு முறை இன்னும் கொஞ்சம் மேலே வைப்பான், ஒரு முறை கீழே இறக்குவான், அப்புறம் சிரித்துவிட்டுக் கயிற்றுக்குப் போய்விடுவான்.

தெய்வானைக்கு அது புரிந்தது. அவளுடைய அப்பா பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தார். போய் ஐந்து வருஷம். ஒவ்வொரு வருஷமும் வருகிறேன் என்றார், ஒவ்வொரு வருஷமும் முதலாளி அடுத்த வருஷம் என்றான். வெள்ளிக்கிழமை தோறும் போனில், “எவ்ளோ உசரம் ஆயிட்ட?” என்று கேட்பார். அவள் ஏதாவது ஒன்றைச் சொல்லிவைப்பாள். அப்பாவின் முகம் அவளுக்கு போன் கண்ணாடி அளவுக்குத்தான் ஞாபகம் இருந்தது. காயனை அவளுக்குப் பிடித்ததற்கு இதுதான் காரணம், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஐப்பசி கார்த்திகை மழையில் வலை போகவில்லை. மார்கழி பிறந்து, கப்பல்கள் ஊர் திரும்புகிற வாடைக்காற்று ஊன்றி வீசிய முதல் சனிக்கிழமை பிள்ளைகள் கரை தட்டியபோது துறைமுகம் அவர்களுக்குத் தெரிந்த துறைமுகமாக இல்லை. கிட்டங்கிகள் திறந்து கிடந்தன. கரையில் ஒரு மூட்டை இல்லை, ஒரு சாடி இல்லை. எல்லாரும் கப்பலில் ஏறியிருந்தார்கள், ஏறாதவர்கள் ஏற்றிவிடக் கடலுக்குள் நின்றார்கள். சிறுபடகு ஒன்று மட்டும் கரையோரம் காத்திருந்தது. அதில் இருந்தவன் காயனைப் பார்த்துக் கத்தினான். அந்தக் கப்பலின் தலைவன் நொண்டிக்காலைப் பார்த்துத் தலையை ஆட்டவில்லை. வா என்று சொல்லியிருந்தான்.

காயன் தோளில் ஒரு மூட்டையோடு மணலில் நின்றிருந்தான். பிள்ளைகளின் படகைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்தான். எப்போதும் போல வந்தான், தெய்வானைக்குப் பின்னால் நின்று கயிற்றைத் தொட்டான், குதிகாலை ஊன்றினான்.

அன்றைக்கு வலை நகரவில்லை. நீரோட்டம் வலையைத் தெற்கே தள்ளியது, மடி நிறைந்து கனத்தது, முளையையும் பிடுங்கிக்கொண்டு போகிற இழுப்பு அது, கயிறு பிள்ளைகளையே கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. காயன் ஒருத்தன் பலத்தில்தான் அது நின்றது. சிறுபடகுக்காரன் இரண்டாம் முறை கத்தினான். காயன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கண்ணை மூடியிருந்தான், ஆனால் இந்த முறை அவன் ஊருக்குப் போகவில்லை என்பது தெய்வானைக்கு அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“மாமா, நீங்க போங்க” என்றாள்.

“தொட்டேன்” என்றான் காயன்.

“பரவால்ல, விடுங்க.”

“தொட்டவன் விடல் ஆகாது. நீ சொன்னாய். என் தந்தையும் சொன்னார்.”

“இது எங்க பெரியப்பா வலை. நான் சொல்றன், விடுங்க.”

முன்னால் நின்ற கலியன் திரும்பினான். “உனக்கு என்னாடி பைத்தியமா? அவரு விட்டா நாம எப்படி ஊட்டுக்குப் போறது?”

வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெய்வானைக்கும் இருந்தது. பூவிழியைப் பார்த்தாள், ஏழு வயசு, அவளைப் பத்திரமாகக் கூட்டி வருகிறேன் என்று அவள் தாயிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆனால் சிறுபடகுக்காரன் மூன்றாம் முறையாகக் கத்திவிட்டுத் துடுப்பை எடுத்தான். அடுத்த காற்று, அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று அப்பாவின் குரல் அவள் காதில் கேட்டது. அவள் ஒரு கையால் கயிற்றை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மறுகையால் காயனின் விரல்களை ஒன்றொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல் எளிதாக வந்தது. கட்டைவிரல் வரவில்லை. “உங்க பொண்ணு வளந்துடுவா மாமா” என்றாள். அப்போதுதான் அதுவும் வந்தது.

காயன் அவள் தலையில் கையை வைத்தான். அப்புறம் மூட்டையை எடுக்காமலே, நொண்டிக்காலை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினான்.

அவன் விட்ட நொடியில் கயிறு ஐந்து பிள்ளைகளையும் முழங்கால் தண்ணீருக்குக் கொண்டுபோனது. தெய்வானை கயிற்றைச் சுண்டி இழுத்து மூன்று வெட்டு வெட்டினாள். மூன்று வெட்டு என்றால் நிறுத்து என்று அர்த்தம், அது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். எதிர்ப்பக்கம், இரண்டாயிரம் வருஷத்துக்கு அப்பால், இழுப்பு நின்றது. நின்றும் பயனில்லை. நீரோட்டம் நிற்கவில்லை, மடியின் கனம் குறையவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. இரட்டைப் பிள்ளைகள் கயிற்றைப் பல்லாலும் கடித்துக்கொண்டார்கள். ஒருவரும் விடவில்லை. தெய்வானை மறுபடி மூன்று வெட்டினாள், மறுபடி மூன்று. வேறு என்ன சொல்ல முடியும், கயிற்றுக்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் என்று பிற்பாடு ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொன்னார்கள். திடீரென்று கயிறு ஒரு முறை உதறியது. அதன்பின் உள்ளங்கையில் ஒரு துடிப்பு, ஒன்றன்பின் ஒன்றாக, ஆயிரம் ஆயிரமாக, வலையின் வயிற்றிலிருந்து மீன் வெளியே போகிற துடிப்பு. வலைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. யாரோ அந்தப் பக்கம் கடலுக்குள் நீந்திப் போய் மடியை அறுத்துவிட்டிருந்தார்கள். கயிறு லேசாகிக்கொண்டே வந்தது. கடைசியில் பூவிழி ஒருத்தி இழுத்தாலே வருகிற அளவுக்கு லேசாகிவிட்டது.

“இழுங்கடா” என்று அழுதுகொண்டே கத்தினான் கலியன்.

இழுத்தார்கள். எட்டு வைக்க வேண்டியிருந்தது. தெய்வானை கழுத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டே எட்டு வைத்தாள். சிறுபடகு கப்பலை ஒட்டி நின்றது. இரண்டு பேர் குனிந்து காயனை அக்குளில் பிடித்துத் தூக்கினார்கள். பாய் இறங்கி வாடையில் உப்பியது. அவன் கப்பல் ஓரத்தில் வந்து நின்று கரையைத் தேடுவது தெரிந்தது. கையை உயர்த்தினால் அவன் பார்ப்பான், கையை உயர்த்தக் கயிற்றை விட வேண்டும். அவள் விடவில்லை. கொஞ்சம் நிற்கலாமே என்று நினைத்தாள், ஆனால் முன்னால் நாலு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த எட்டு வைத்தபோது கடலில் கப்பல் இல்லை.

சவுக்கு வந்தது, விளக்குக் கம்பம் வந்தது. வடமலை கரையில் ஈரத்துண்டோடு மணலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கத்தி கிடந்தது, அறுபது வயசில் அலைக்குள் நீந்தியதில் மூச்சு இன்னும் அடங்கவில்லை. அந்தப் பருவத்திலேயே பெரிய மீன்பாடு அது, மடிக்கு மேலே பறவை வெள்ளையாக மூடியிருந்தது என்று சொல்லிச் சொல்லி டீக்கடையில் இன்றைக்கும் ஆறமாட்டார்கள். கரையேறிய வலையில் இரண்டு நண்டும் கொஞ்சம் பாசியும் இருந்தன. வடமலை பிள்ளைகளைத் தலை எண்ணினார். ஐந்து வந்ததும் மறுபடி ஒரு முறை எண்ணினார்.

“மடி கிழிஞ்சிட்டுது, தைக்கணும். போயி சாப்புட்டுட்டு வாங்க” என்றார்.

கயிற்றில் நின்றிருந்த பச்சையம்மா ஓடி வந்து மகளின் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். தெய்வானை நடந்ததை எல்லாம் சொன்னாள், விரல்களைப் பிரித்ததையும் சொன்னாள், சட்டத்தை மீறிவிட்டேன் என்றும் சொன்னாள். பச்சையம்மா திட்டவில்லை. ஐந்து வருஷமாகத் தனியாகப் படுத்து எழுந்தவள் அவள், அதில் திட்டுவதற்கு அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

பிள்ளை நடக்கவில்லை. நின்று கடலைப் பார்த்தாள். மத்தியான வெயிலில் கடல் வெறுமையாகக் கிடந்தது, தொடுவானத்தில் ஒரு பாய் இல்லை, ஒரு புள்ளி இல்லை. அவள் கையைக் கண்மேல் வைத்துக்கொண்டு தெற்கே பார்த்தாள், இன்னும் தெற்கே பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

“இதுக்கு ஏண்டி இப்ப அழுவுற?” என்றாள் பச்சையம்மா, அவள் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு. “அவரு ஊட்டுக்குப் போயி ரெண்டாயிரம் வருசம் ஆயிட்டுது.”

“இல்லம்மா” என்றாள் தெய்வானை. “காலையிலதான் கெளம்புனாரு.”